நினைப்பு எங்கே இருக்கிறது? யோகப் பயிற்சியைத் தொடங்க, தொடர, சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் எங்கள் வீட்டில் அம்மா கேட்கும் முதல் கேள்வி: “கை இங்க இருக்கு, நினைப்பு எங்கடி இருக்கு?”

மன்னார்குடியில் 19 வருடமாக யோகா சொல்லித்தருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் “நிகழ்காலத்துல இருக்கறது எப்படி டீச்சர்?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பால்தான் ஞாபகம் வரும். கை இருக்கும் இடத்தில் நினைப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தரம் கூட்டி வர வேண்டியிருக்கும்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் ‘அத’ என்ற சொல்லில் தொடங்குகிறது. ‘இப்போது’ என்று பொருள். மொத்தச் சூத்திரங்களை 195 என்றும் 196 என்றும் எண்ணுவார்கள். அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான். பெரும்பகுதி மனசைப் பற்றியது. நம் வகுப்புகளிலோ முக்கால் மணி நேரம் கை காலை முறுக்கிவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் “மனசை அமைதியா வச்சுக்குங்க” என்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

கீழே இருப்பது, இன்று புதிதாக ஒருவர் வந்தால் நான் என்ன வரிசையில் சொல்லித்தருவேனோ அந்த வரிசை. ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வட்டு விலகல், குடலிறக்கம், கண் அழுத்தநோய், கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: இடம், நேரம், வயிறு

விடியற்காலை நல்ல நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற அம்மாவிடம் போய் பிரம்ம முகூர்த்தம் பேசுவது அநியாயம். என்னிடம் வருகிற பெண்களில் பலர் காலை பத்தரை மணிக்குத்தான் செய்கிறார்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்றால் போதும்.

சாதம் சாப்பிட்டால் 3 மணி நேரம் போகட்டும். இட்லி, இடியாப்பம் மாதிரி லேசானது என்றால் 2 மணி நேரம். காபியை விடச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. தஞ்சாவூர் ஜில்லாக்காரரிடம் காலைக் காபியைப் பிடுங்கினால் பயிற்சி முழுக்க நினைப்பு டவராவில்தான் இருக்கும். அரை டம்ளர் குடித்துவிட்டு அரை மணி கழித்து வாருங்கள்.

படுத்துச் செய்வதற்குக் கோரைப் பாய் நன்றாக இருக்கும். ஆனால் டைல்ஸ் தரையில் அதன்மேல் நின்று செய்யாதீர்கள், வழுக்கும். நிற்கும்போது வெறுந்தரையே மேல். சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை என்றால் இன்னும் நல்லது. படுப்பதற்கு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாலும் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி நமக்குக் கிடையாது, மழை விடாது. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் நீளத்துக்கு இடம் பிடித்து வையுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். கொசுவுக்கு மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடலாம், பாவமில்லை.

படி 2: படுத்துக்கொண்டு மூச்சைப் பார்ப்பது

முதல் வாரம் முழுக்க இது மட்டும்தான். “யோகா கத்துக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், படுக்க வைக்கிறீங்களே” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இப்படி வைத்தால் இடுப்பு தரையோடு அமரும். ஒரு கை தொப்புளுக்கு மேல், இன்னொரு கை மார்பின் மேல். மூச்சை இழுக்கும்போது எந்தக் கை முதலில் எழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு மார்பில் இருக்கும் கைதான் எழும். உடனே வயிற்றைத் தள்ளித் திருத்தப் பார்ப்பார்கள். வேண்டாம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடம் கிடைத்தால் வயிறு தானாக எழும். இரண்டு மூன்று நாள் படுத்தாலே அது நடக்கும்.

அப்புறம் எண்ணுங்கள். ஒரு மூச்சு வெளியே போனால் ஒன்று. பத்து வரை. நாலு, ஐந்து வரும்போதே நினைப்பு கரண்ட் பில்லுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் நேற்று நாத்தனார் சொன்ன சொல்லுக்கு. போனது தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு மாதமாகப் பத்தைத் தொடாமல், தினமும் பதினைந்து தரம் ஒன்றுக்குத் திரும்பி வந்த ஒரு மளிகைக்கடைக்காரர் என் வகுப்பில் இருந்தார். அவரைத்தான் நான் நல்ல மாணவர் என்பேன். முதல் நாளே பத்தை எட்டிவிட்டேன் என்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

எண்ணிக்கை ஓரளவு நிலைத்த பிறகு, கவனத்தை உடம்பு முழுக்க இறக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்கள். திறந்த அன்றைக்கே நம் வயலில் தண்ணீர் நிற்குமா? கல்லணைக்கு வரவே சில நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்தால்தான் பாமணியாறு நம் ஊர்ப் பக்கம் வரும். அதற்கு அப்புறமும் எவ்வளவோ வாய்க்கால். ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் யாராவது இறங்கித் தள்ளிவிட வேண்டும். கடைமடைக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

கவனமும் அப்படித்தான். நெற்றியிலும் கண்ணிலும் தேங்கி நின்றுவிடும். அங்கிருந்து தாடை, தொண்டை, தோள், முழங்கை, விரல் நுனி, பிறகு முதுகு, இடுப்பு, முழங்கால், பாதம் என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். இடது கால் சுண்டுவிரல்தான் கடைமடை. அது இருப்பது அசைக்காமலே தெரிகிறதா? தெரியாவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு முறை வரும். மொத்தம் பத்து நிமிடம் போதும்.

படி 3: வெளிமூச்சை நீட்டுவது

இரண்டாவது வாரம் உட்கார்ந்து செய்யலாம். சம்மணம் போட்டு உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரட்டும், குறைச்சல் ஒன்றுமில்லை. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு. நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. விடுவதை நீட்டினால் தணியும் நேரமும் நீளும். பதற்றத்தில் இருப்பவர்களை “நல்லா இழுத்து மூச்சு விடுங்க” என்பதைவிட “மெதுவா விடுங்க” என்று சொல்வதுதான் உதவுகிறது.

இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் ஒரு நாதஸ்வரக்காரர். முழங்கால் வலிக்காக வகுப்புக்கு வந்தார். எல்லோரும் ஆறு எண்ணுவதற்குள் திணறும்போது இவர் இருபதைத் தாண்டியும் சாவகாசமாக விட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஐயா என்று கேட்டேன். “இழுக்கறதைப் பத்தி நாங்க யோசிக்கறதே இல்லைங்க. விடறதை ஒழுங்கா விட்டா அது தானா வந்துடும்” என்றார். அன்றிலிருந்து வகுப்பில் ‘இழுங்கள்’ என்ற சொல்லைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

திருமூலர் தவம் இருந்ததாகச் சொல்லப்படும் திருவாவடுதுறை நம் டெல்டாவில்தான் இருக்கிறது. அவருடைய திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரம் என்ற பகுதியில் மூச்சுக்கு ஓர் அளவு வருகிறது: உள்ளே 16, நிறுத்துவது 64, வெளியே 32 மாத்திரை (அந்தக் கால நேர அளவு). இதைப் படித்துவிட்டு வீட்டில் ஸ்டாப் வாட்ச் வைத்து முயற்சி செய்தவர்களை எனக்குத் தெரியும். தலைசுற்றலும் படபடப்பும்தான் மிச்சம். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் பழகியவர்களுக்கான அளவு அது. ஆரம்பத்தில் மூச்சை நிறுத்தவே வேண்டாம். 4, 6 கஷ்டமாக இருந்தால் 3, 4 வையுங்கள். மூச்சு முட்டி வாயைத் திறக்கத் தோன்றினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

படி 4: ஆசனம்

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லித்தர ஆரம்பித்த இரண்டாவது வருடம். பக்கத்துக் கிராமத்தில் சாயங்கால வகுப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் நடவுக்குப் போகிற பெண்கள். நின்றபடி குனிந்து கையால் தரையைத் தொடும் பாதஹஸ்தாசனம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு அம்மாவுக்குக் கை தரையைத் தொடவில்லை. பின்னால் போய் இடுப்பில் கை வைத்து மெதுவாக அழுத்தினேன். மறுநாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: “காலையிலேர்ந்து குனிஞ்சேதான் நிக்கிறோம் டீச்சரம்மா. இங்க வந்தும் குனியவா?”

பயிற்சிப் பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று ஊன்றுகிறவருக்கு முன்னால் குனிகிற ஆசனம் எதற்கு? அவருக்குத் தேவை பின்னால் வளைவதும் காலை உயர்த்திப் போடுவதும். கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவருக்கு இடுப்பின் முன்பக்கம் நீள வேண்டும். ஜவுளிக்கடையில் நின்றே இருக்கும் பெண்ணுக்குக் கால் வீக்கம் வடிய வேண்டும். உங்கள் உடம்பு பகலெல்லாம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு எதிர்வடிவத்தில் தொடங்குங்கள்.

இன்னொன்று: தூங்கி எழுந்த உடனே ஆழமாகக் குனியாதீர்கள். இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம்.

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். தாடாசனத்தில், அதாவது நேராக நிமிர்ந்து நின்று, மூச்சோடு கைகளை மேலே தூக்கி இறக்குவது 6 தரம். கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை உயர்த்தித் தாழ்த்துவது 6 தரம். படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுக்கும் பவனமுக்தாசனம். மடித்த முழங்கால்களை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்ப்பது. இவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை; மூச்சு முடிவதற்குள் அசைவு முடிந்துவிட்டால் வேகம் அதிகம், அவ்வளவுதான். மற்ற இரண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புஜங்காசனம். குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வையுங்கள். உள்ளங்கைகள் மார்புக்கு இரண்டு பக்கமும், முழங்கைகள் உடம்பை ஒட்டி. புறங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டு, மூச்சு உள்ளே வரும்போது மார்பை உயர்த்துங்கள். இப்போது சோதனை: உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். மார்பு சட்டென்று கீழே இறங்கினால், அதுவரை இருந்த உயரம் கையின் உயரம், முதுகின் உயரம் இல்லை. இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் புஜங்காசனம். நாலு அங்குலமாக இருக்கலாம். முகத்தை வானத்துக்குத் தூக்க வேண்டாம், பார்வை இரண்டடி முன்னால் தரையில். மூன்று மூச்சு இருந்து இறங்கவும். 4 தரம்.

சுவரில் கால் போடுவது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே திரும்பிப் படுத்துக் கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். தொடையின் பின்புறம் இழுத்தால் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடுப்புக்குக் கீழே மடித்த துண்டு. 5 நிமிடம். இறங்கும்போது முழங்காலை மடித்து, வலது பக்கம் ஒருக்களித்து, கொஞ்ச நேரம் கிடந்து எழுந்திருங்கள். கண் அழுத்தநோய், இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம். நான் வலி வரவைத்த அந்த அம்மா பிறகு வகுப்புக்குத் திரும்பி வந்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

சூரிய நமஸ்காரம் எங்கே என்று கேட்பீர்கள். பன்னிரண்டு நிலைகளும் அழகானவைதான். ஆனால் அதில் குனிவதும் கையில் எடை தாங்குவதும் மாறி மாறி வரும். இரண்டு மாதம் கழித்து வரட்டும். 2015-லிருந்து ஜூன் 21 யோகா தினம். அந்த வாரம் மட்டும் எனக்கு ஏகப்பட்ட அழைப்பு வரும்; 200 பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரே மாதிரி குனிய வைத்தால் போட்டோ நன்றாக இருக்கும். போவேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வதைப் பார்க்கப் பிடிக்கும். அதைப் பயிற்சி என்று சொல்ல மாட்டேன்.

படி 5: சவாசனம்

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். ஒன்றும் செய்யாமல் 5 நிமிடம் கிடப்பது பழகாத வேலை. கால்களை அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்மேல் துண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் தொடைக்குக் கீழே தலையணை வைக்கலாம். தூங்கிவிட்டால்? தூங்குங்கள், உடம்புக்கு அது பாக்கியிருக்கிறது. ஒரு தம்பதி வருவார்கள். ஐயா இரண்டாவது நிமிடமே குறட்டை விடுவார், அம்மா முழங்கையால் இடிப்பார். “விடுங்கம்மா, அவர் தூங்கறாரு, நீங்கதான் சவாசனத்தை விட்டுட்டு அவரைப் பார்க்கறீங்க” என்று ஒருநாள் சொன்னேன். வகுப்பே சிரித்தது, ஐயா மட்டும் விழிக்கவில்லை.

படி 6: பாயைச் சுருட்டிய பிறகு

மீதி 23 மணி நேரம் இருக்கிறதே. எல்லா நேரமும் கவனமாக இருக்கப் பார்த்தால் மத்தியானத்துக்குள் அலுத்துவிடும். தினமும் செய்கிற வேலையில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். புள்ளிக் கோலம் அருமையான தேர்வு, நினைப்பு நகர்ந்தால் ஒரு புள்ளி விட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். சாப்பாட்டில் முதல் மூன்று கவளம் இருக்கலாம். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம் இருக்கலாம். வண்டி போகும்வரை போனை எடுக்காமல், 4, 6 கணக்கில் பத்து மூச்சு. ஒரு மாதம் ஒரே வேலை. மாற்றிக்கொண்டே இருந்தால் அதுவே பொழுதுபோக்காகிவிடும்.

இதெல்லாம் செய்தால் கோபம் வராதா என்று கேட்காதீர்கள். என் பையனைக் கேளுங்கள். கத்திக்கொண்டிருக்கும்போது பாதியில் ‘கத்துகிறேன்’ என்று தெரிகிறது. முன்பெல்லாம் கத்தி முடித்து, சாப்பிட்டு, படுக்கும்போதுதான் தெரியும்.

படி 7: சொல்லித்தர நினைப்பவர்களுக்கு

சான்றிதழ் வாங்கிய கையோடு வகுப்பு ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருடமாவது ஒருவர் பின்னால் நின்று, அவர் மாணவர்களை எப்படிப் பார்க்கிறார் என்று பாருங்கள். ஆள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதிலேயே பாதி தெரிந்துவிடும்: குனிகிறாரா, காலாலேயே உதறுகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா. 1888-ல் பிறந்து 1989 வரை வாழ்ந்து, பிற்காலத்தில் சென்னையில் இருந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யாவும் அவர் மகன் தேசிகாச்சாரும் ஆளுக்குத் தகுந்த பயிற்சி என்பதில்தான் ஊன்றி நின்றார்கள். முப்பது பேர் வகுப்பில் அது முழுசாக முடியாது. ஆனால் முப்பது பேரில் யார் முதுகு நடவு முதுகு, யார் முதுகு கல்லா முதுகு என்று பிரிக்கவாவது தெரிய வேண்டும்.

வகுப்பைப் பார்த்து நின்றால், ‘வலது கை’ என்று சொல்லும்போது உங்கள் இடது கையைத் தூக்குங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான். தொட்டுத் திருத்துவதை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். தேவைப்பட்டால் கேட்டுவிட்டுத் தொடுவேன். வயதில் பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். மைக்கில் “கையைத் தூக்கு” என்று ஏக வசனத்தில் அதட்டுவது வேண்டாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கள் என்று எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள், அது நம் வேலை இல்லை.

பணம் வாங்குங்கள். இலவசம் என்றால் இரண்டாவது வாரம் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் மாதா மாதம் எல்லோராலும் முடியாது. எங்கள் கிராமத்து வகுப்பில் தை அறுப்பு முடிந்ததும் மொத்தமாகக் கொடுப்பார்கள். ஒருவர் பங்குனியில், நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தில் ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டு இட்லி அதில்தான்.

ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு எடுப்பது உங்கள் பயிற்சி ஆகாது. மற்றவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போது உங்கள் மூச்சு எங்கே போனது என்றே தெரியாது. நான் வகுப்புக்கு முன்னால் இருபது நிமிடம் கதவைச் சாத்திக்கொள்கிறேன். முடியாத நாளில் சொல்லித்தருவதும் சுமாராகத்தான் இருக்கிறது, மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

படி 8: விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம், துக்கம், நடவு, காய்ச்சல், தேர்த் திருவிழா. விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஒரு வாரம் விட்டால் மூன்று நாள் படி 2 மட்டும். அப்புறம் ஆசனங்களில் பாதி. அடுத்த வாரம் பழையபடி. ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் முதலிலிருந்து.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் தென்னைகளெல்லாம் வேரோடு சாய்ந்தன. நாங்கள் வகுப்பு நடத்தின கொட்டகையின் தகரம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நாட்கணக்கில் கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீருக்கு அலைந்தோம். யோகாவை யார் நினைத்தார்கள். மாசக் கடைசியில் ஏழு பேர் வந்தார்கள். கூரையில்லாத இடத்தில் ஜமுக்காளத்தை விரித்தேன். ஆசனம் செய்ய யாருக்கும் தெம்பில்லை. படுக்கச் சொன்னேன், முழங்காலை மடித்து, ஒரு கை வயிற்றில்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா கண்ணைத் திறந்தார். “தென்னை இருந்த இடத்துல இப்ப வெறும் வானம் தெரியுது டீச்சர்” என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.